கடைசியாக இருந்த உடம்பு

வளைகாப்பு அதுவரை நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. நறுமுகையின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் ஏறியாகிவிட்டது. கன்னத்துச் சந்தனம் காயத் தொடங்கிவிட்டது. எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம் என்று கலந்த சாதங்கள் தட்டு தட்டாக வந்து இறங்க, சுற்றி நின்ற பெண்கள் தங்கள் தங்கள் பிரசவத்தில் நடந்த பயங்கரங்களை வரிசையாகச் சொல்லி மாசமாக இருக்கும் பெண்ணுக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். மகளைக் கையோடு கூட்டிப் போவதற்காக அரங்கநாயகமும் அவர் மனைவி சிவகாமியும் வாசலில் வாடகைக் காரை நிறுத்திவிட்டு, நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்ப வேண்டுமே என்ற தவிப்பில் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி தெய்வசிகாமணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

எழுதுகிற பேனா இல்லை. தண்ணீரில் முக்குகிற பேனா. 'தடம்' என்று பெயர். இப்போதெல்லாம் கௌரவமான மனிதர்கள் யாரும் அதில்லாமல் வெளியே கிளம்புவதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். மகளுக்கு வழியில் தாகமெடுத்தால் கொடுக்க சிவகாமி வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பேனாவின் முனையை நனைத்தார். பேனா, ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்லும் அதே கனிவான பெண் குரலில் பேசியது.

"கடைசியாக இருந்த உடம்பு: மனிதர். வெளியேறி: பதினோரு நாள். வந்த வழி: வேளாப்பாக்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்."

ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், அது யார் வீட்டுத் தண்ணீரில் வைத்த ரசம் என்று தெரியாமல் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"பதினோரு நாளா!" என்றார் தெய்வசிகாமணி. "எங்க அபார்ட்மெண்ட் தண்ணி ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் சம்பந்தி. பாறைக்கு அடியிலேர்ந்து எடுக்கிறோம். அதைக் குடிச்சு வளர்ற குழந்தை. அதை எப்படி உங்க வீட்டுக்கு..."

முடிக்கவில்லை. பெரிய மனிதர்கள் இந்த மாதிரி வாக்கியங்களை முடிப்பதில்லை. கேட்பவரே முடித்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை பிரணவ், தன் கைப்பேசியில் அந்த நிமிஷம் பார்த்தே ஆக வேண்டிய ஏதோ ஒன்று வந்துவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

"தண்ணி சுத்திக்கிட்டே இருக்கு சம்பந்தி" என்று ஆரம்பித்தார் அரங்கநாயகம். "கடல்லேர்ந்து ஆவியாப் போகுது, மேகமாகுது, மழையா விழுது, மண்ணுல இறங்குது, செடி குடிக்குது, நாம குடிக்கிறோம், வேர்வையா விடறோம், மறுபடி மேல போகுது. உங்க ரெண்டாயிரம் வருஷத் தண்ணியும் அதுக்கு முந்தி யாரோ ஒருத்தர் உடம்புல..."

"அஞ்சாம் கிளாஸ் பாடம்" என்று கையமர்த்தினார் தெய்வசிகாமணி. "அம்புக்குறி போட்ட படம். நானும் வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன். அந்தப் படத்துல மலை இருக்கும், மேகம் இருக்கும், மரம் இருக்கும், கடல் இருக்கும். மனுஷன் இருக்க மாட்டான், கவனிச்சீங்களா? அப்படி மனுஷன் படாம சுத்தினா யாருக்கு ஆட்சேபணை?"

அது உண்மைதான். அரங்கநாயகமும் அந்தப் படத்தை வரைந்து மார்க் வாங்கியவர்தான்.

வாடகைக் கார் அன்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்து, அதே இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பியது. கட்டிக் கொடுத்த சாதம் மட்டும் கூட வந்தது. காரில் சிவகாமி ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அவள் பேசாமல் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பேனாவைக் கண்டுபிடித்தவரே அரங்கநாயகம்தான்.

கண்டுபிடித்தபோது நல்ல எண்ணத்தோடுதான் கண்டுபிடித்தார். உலகத்தில் வேறு எந்த எண்ணத்தோடு யார் எதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்? ஒரு கோடையில் வேளாப்பாக்கத்தில் வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை. குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் எங்கேயோ மண்ணுக்கடியில் உறவு கொண்டாடிக்கொண்டிருந்தன. எங்கே என்று தெரியவில்லை. தெருத்தெருவாகத் தோண்டினார்கள். தோண்டிய பள்ளத்தில் விழுந்து இரண்டு பேருக்குக் கால் முறிந்ததுதான் மிச்சம். அரங்கநாயகம் நீரியல் ஆராய்ச்சிக்காரர். தண்ணீர் ஓர் உடம்புக்குள் போய் வெளியே வந்தால் அதில் ஒரு மடிப்பு விழுகிறது என்று கண்டார். பெட்டியிலிருந்து எடுத்த பட்டுப்புடவையில் இருக்குமே, அந்த மாதிரி. மடிப்பு புதிதா பழையதா என்று பார்த்தால், சாக்கடை எந்த இடத்தில் கலக்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னார். குழாயை அடைத்தார்கள். காமாலை நின்றது. அவருக்கு ஒரு சால்வை கிடைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பேனாவின் திரையில் மூன்று வரிக்கு இடம் இருந்தது. முதல் வரியில் கசிவு உண்டா இல்லையா. இரண்டாவதில் எங்கே. மூன்றாவது வரி காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத ஜாதி விஞ்ஞானிகள். 'கடைசியாக இருந்த உடம்பு' என்று ஒரு வரியைச் சேர்த்துவைத்தார்.

அவரிடம் ஒரு காலத்தில் படித்த நந்தகோபால், பேனாவைத் தயாரித்து விற்க ஒரு கம்பெனி ஆரம்பித்தான். முதல் இரண்டு வரிகளை ஊர் சீண்டவில்லை. மூன்றாவது வரிக்காகக் கடையில் வரிசை நின்றது. "உடம்பு படாத தண்ணீர், உங்கள் குடும்பத்துக்கு மட்டும்" என்று பட்டணமெங்கும் பலகை வைத்தான். அதன் பிறகு நடந்ததை எல்லாம் அரங்கநாயகம் மூன்றாவது மனிதர்போல் வேடிக்கை பார்த்தார்.

மற்றவன் உடம்பில் இருந்து வந்த தண்ணீரைக் குடிப்பதா என்று ஆளாளுக்கு அதிர்ந்தார்கள். இத்தனை காலம் எதைக் குடித்தோம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீரின் வயது குடும்பத்தின் அந்தஸ்து ஆயிற்று. ஐநூறு வருஷத் தண்ணீர்க்காரர்கள் ஆயிரம் வருஷத் தண்ணீர்க்காரர்கள் வீட்டில் பெண் கேட்கத் தயங்கினார்கள். மாடு குடித்து விட்ட தண்ணீர் பரவாயில்லை, பசுமாடாக இருந்தால் விசேஷம், மனிதன்தான் ஆகாது. மழையின் பாடு பரிதாபமாகிவிட்டது. மேகத்தை நம்ப முடியுமா? நேற்று எவன் வேர்வையோ இன்றைக்குத் தலையில் விழுகிறது! தெய்வசிகாமணி செயலாளராக இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 'அமிர்தவர்ஷினி' என்று பெயர். பாடினால் மழை வரும் ராகம். அந்தக் குடியிருப்பில்தான் முதன்முதலாக மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிகளைச் சிமெண்ட் பூசி அடைத்தார்கள். புது மழை உள்ளே இறங்கி அடியிலிருக்கும் பழந்தண்ணீரைக் கெடுத்துவிடக் கூடாதாம்.

அதோடும் நிற்கவில்லை. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரில் ஒருநாள் பேனாவை முக்கினார் தெய்வசிகாமணி. 'மனிதர். இன்று.' அவர் வீட்டுச் சமையல்கார வள்ளிக்கண்ணு மூச்சு விட்டிருக்கிறாள்! அடுப்படியில் காலையிலிருந்து நின்றவள் மூச்சு விடாமல் என்ன செய்வாள்? வேளாப்பாக்கத்துக் கடைக்கோடித் தெருவில் வீடு அவளுக்கு. குடிப்பது பதினோரு நாள் தண்ணீர். அவள் மூச்சும் அதுதான். "வள்ளிக்கண்ணு, நீ நல்லவதான். ஆனா நாங்க சுவாசிக்கிற காத்தைப் பத்தியும் யோசிக்கணும் இல்ல?" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தெருவில் அந்த வருஷம் முப்பது பெண்களுக்காவது வேலை போயிற்று. அதே தெருவில்தான் அரங்கநாயகமும் குடியிருந்தார். வேலை போன பெண்கள் தண்ணீர் பிடிக்கப் போகும்போது அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போவார்கள். அவர் உள்ளே போய் ஏதாவது புத்தகத்தை எடுத்துக்கொள்வார்.

இப்போது சொந்த மகளே வீட்டுக்கு வர முடியவில்லை என்றவுடன் புத்தகம் உதவவில்லை.

வளைகாப்பு முடிந்து மூன்றாவது நாள் சிவகாமி வாயைத் திறந்தாள். காப்பியை எதிரில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கதானே செஞ்சீங்க? நீங்களே சரி பண்ணுங்க."

"நான் செஞ்சது காமாலைக்கு சிவகாமி..."

"காமாலை போச்சு. அதைவிடப் பெரிசா ஒண்ணு வந்திருக்கு. எனக்கு என் பொண்ணு இங்க வரணும். வலி எடுக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும். அவங்க வீட்டுக் கூடத்துல விருந்தாளி மாதிரி நின்னுக்கிட்டு, 'உள்ள வரலாமா'ன்னு கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். என்ன பண்ணுவீங்களோ தெரியாது."

அரங்கநாயகம் நந்தகோபாலைப் பார்க்கப் போனார். கண்ணாடிச் சுவர்களும் பச்சைப் புல்தரையும் கொண்ட கம்பெனி. வரவேற்பறையில் கொடுத்த தண்ணீர் டம்ளரின்மேல் 'மூவாயிரம் ஆண்டு' என்று ஒரு சின்னக் கொடி குத்தியிருந்தார்கள்.

"மூணாவது வரியை எடுத்துடு நந்து."

"சார்!" நந்தகோபால் நிஜமாகவே பதறிவிட்டான். "அதை எடுத்துட்டா அது வெறும் குச்சி சார். கசிவு பார்க்கணும்னு இதுவரைக்கும் ஒரே ஒரு பஞ்சாயத்துதான் வாங்கியிருக்கு. அவங்களும் அதைத் தொலைச்சிட்டாங்க."

அரங்கநாயகம் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். மூன்று நாளாக அவர் மனதில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. தன் வாழ்க்கையிலேயே மிகப் புத்திசாலித்தனமான யோசனை என்று அதை அவர் நினைத்தார். இந்த மாதிரி நினைப்பு வரும்போது மனிதர்கள் கொஞ்சம் படுத்துத் தூங்கி எழுந்தால் உலகத்துக்கு நல்லது.

"சரி, எடுக்க வேண்டாம். கூடச் சேர்க்கலாம். இப்ப பேனா மேல் மடிப்பை மட்டும்தான் படிக்குது. அடியில மடிப்புக்கு மேல மடிப்பா இருக்கு நந்து. எதுவுமே அழியல. கடைசி உடம்பு மட்டும் இல்ல, அதுக்கு முந்தி, அதுக்கும் முந்தின்னு எல்லா உடம்பையும் படிக்க வைக்க என்னால முடியும். அவங்க என்ன சாப்பிட்டாங்க, என்ன வேலை செஞ்சாங்கங்கிறதுகூட ஓரளவுக்குத் தெரியும்."

நந்தகோபாலின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அதாவது, தண்ணியோட வம்சாவளி?"

"வம்சாவளியா? அந்த வார்த்தை எதுக்கு? வரலாறுன்னு சொல்லு."

"சொல்லிட்டாப் போச்சு சார்" என்றான் நந்தகோபால் பரம பவ்யமாக.

வம்சாவளி என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே அரங்கநாயகம் எழுந்து வந்திருக்க வேண்டும். அவரோ அன்றே ஆய்வுக்கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் விளக்கினார். எல்லாத் தண்ணீரும் எல்லார் உடம்பிலும் இருந்துதான் வந்திருக்கிறது. அதை அவரவர் கண்ணால் பார்த்துவிட்டால், யார் யாரை ஒதுக்க முடியும்? வெட்கப்பட்டுப் பேனாவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

சிவகாமி மோர் ஊற்றினாள். "வெட்கப்படுவாங்களா? யாரு? நம்ம ஆளுங்களா?" என்று கேட்டாள். பிறகு, "ஊறுகாய் வேணுமா?" என்றாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்தபோது புதுப் பேனா தயார். சந்தைக்கு வரும் நாளன்றே, வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள், அதை எடுத்துக்கொண்டு அரங்கநாயகம் அமிர்தவர்ஷினிக்குப் போனார். நறுமுகை சோபாவில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும், "எப்பப்பா கூட்டிட்டுப் போகப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் பத்து நிமிஷத்துல" என்றார் அவர். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார், பாவம்.

தெய்வசிகாமணி வீட்டுத் தண்ணீரையே ஒரு வெள்ளி டம்ளரில் வாங்கி, அரங்கநாயகம் புதுப் பேனாவை முக்கினார். கனிவான குரல் ஆரம்பித்தது.

"மனிதர். ஆண். உப்பு மிகுதி. வெயிலில் வேலை. அதற்கு முன்: ஆலமரம். அதற்கு முன்: எருமை. அதற்கு முன்: மனிதர். பெண். பிரசவ காலம். அதற்கு முன்: மழை. கடல். சுறா. அதற்கு முன்: மனிதர். குழந்தை. காய்ச்சல். அதற்கு முன்: மனிதர். ஆண். தோல் நோய். அதற்கு முன்: மனிதர். பெண். நெடும் பட்டினி. கண்ணீர் வழியாக வெளியேற்றம்..."

தெய்வசிகாமணி சோபாவின் கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. குரல் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. தோல் பதனிட்டவர், உப்பளத்துக்காரர், பைத்தியம் பிடித்தவர், தொழுநோயாளி, யாரோ ஒரு பச்சைக் குழந்தை. இத்தனை பேரும் ஒரு டம்ளர் தண்ணீரில் இருக்கிறார்கள்! நறுமுகை வயிற்றின்மேல் கையை வைத்தபடி கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெற்றி என்று அரங்கநாயகம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"...அதற்கு முன்: மனிதர். ஆண். தங்கம் சிறிதளவு. குங்குமப்பூ. மான் இறைச்சி. அதற்கு முன்: தவளை..."

"இருங்க, இருங்க!" தெய்வசிகாமணி நிமிர்ந்தார். "அதென்னது? இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

"தவளைங்களா?"

"அதுக்கு முன்னாடி சம்பந்தி! தங்கம்! தங்கத்தை யாரு சாப்பிடுவா?"

"தங்க வேலை செய்றவரா இருக்கலாம். பொடி மூச்சுல போயிருக்கும்."

"அவர் எதுக்கு மான் கறி திங்கறார்?"

"வேட்டைக்குப் போனவரா..."

"வேட்டைக்குப் போறவருக்குக் குங்குமப்பூ எப்படிக் கிடைக்கும்? ஒரே ஆளு. தங்க பஸ்பம், குங்குமப்பூ, மான் கறி. இதுக்குமேல என்ன வேணும்? ராஜா சம்பந்தி, ராஜா!" தெய்வசிகாமணி எழுந்துவிட்டார். போன ரத்தமெல்லாம் முகத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன் பிரணவ், நம்ம தண்ணி லேசுப்பட்ட தண்ணி இல்லைன்னு!"

"ஆனா அந்தத் தோல் நோய்க்காரர்..."

"அதெல்லாம் வழியில வந்து போறவங்க. எந்த ராஜா தெருவுல போனாலும் கூட்டம் இருக்கத்தான் செய்யும்."

அரங்கநாயகம் சுதாரித்துக்கொண்டு, "சரி சம்பந்தி, அப்போ நறுவை இன்னிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

தெய்வசிகாமணி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "விளையாடறீங்களா? ராஜ வம்சத்துத் தண்ணியில வளர்ற பிள்ளை. இப்பப் போயா?"

நறுமுகை எழுந்து உள்ளே போனாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பேனாவைத் தன் கையாலேயே ஒடித்துப்போட வேண்டும் என்று அரங்கநாயகத்துக்கு வெறி வந்தது. ஒடித்து என்ன பயன்? அதற்குள் கடைகளில் வரிசை நீண்டிருக்கும்.

நீண்டுதான் இருந்தது. நல்ல காரியத்துக்குத்தான் நம் ஊரில் தாமதம். ஒரு வாரத்துக்குள் பட்டணத்தில் ராஜா இல்லாத வீடே இல்லை. "எங்கள் தண்ணீரில் மூன்று மன்னர்கள்" என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டார்கள். ஒரே கிணற்றின் ராஜா தங்கள் குலத்தவர்தான் என்று இரண்டு சங்கங்கள் அடித்துக்கொண்டதில் கிணற்றுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. குங்குமப்பூ வந்தால் ராஜா. மான் கறியே இல்லாமல் பால் மட்டும் வந்தால் முனிவர். முத்துப் பொடி வந்தால் ராணி. உப்பு மிகுதிக்காரர்களைப் பற்றியும் பட்டினிக்காரர்களைப் பற்றியும் யாரும் மூச்சு விடவில்லை. நந்தகோபால் புதுப் பேனாவில் ஒரு பொத்தான் வைத்துக்கொடுத்தான். அழுத்தினால் மற்றவர்களைத் தள்ளிவிட்டு நேரே ராஜாவுக்குப் போய்விடலாம். வள்ளிக்கண்ணு ஒருநாள் பாக்கிச் சம்பளம் கேட்க அமிர்தவர்ஷினிக்குப் போனபோது, அவள் நெற்றி வேர்வையை வேடிக்கையாகச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு ராஜாவும் ஒரு முனிவரும் வந்தார்கள். பேனா பழுதாகிவிட்டது என்று தெய்வசிகாமணி புதிது வாங்கினார்.

இதையெல்லாம் கேட்டு அரங்கநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார். சிவகாமி வைத்துக்கொள்ளவில்லை. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"என்ன பண்றே?"

"நம்ம குழாயைப் பார்க்கிறேன்."

வேளாப்பாக்கத்துக் கடைக்கோடித் தெருவுக்கு வருவது பட்டணத்தின் வால். ஏரித் தண்ணீரில் மிஞ்சியது, கடல்நீரைக் குடிநீராக்குவதில் மிஞ்சியது, சுத்தம் செய்த சாக்கடை நீர், எல்லாம் கலந்து கட்டிக் கடைசியாக அங்கேதான் வந்து முடியும். ஊரில் யார் உடம்பையும் அது விட்டுவைத்ததில்லை. சிவகாமி பேனாவை ஒரு பாத்திரத்தில் போட்டுவிட்டுச் சமைக்க ஆரம்பித்தாள். குழம்பு கொதித்து, ரசம் நுரைத்து, அப்பளம் பொரித்து முடித்தும் குரல் நிற்கவில்லை. அவள் கை விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஏழு ராஜா. நாலு முனிவர். ஒரு ராணிகூட இருக்கா."

"எல்லாரும் கலந்த தண்ணியில எல்லாரும்தானே இருப்பாங்க" என்றார் அரங்கநாயகம் சலிப்போடு. "அதைத்தானே நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்."

"நீங்க உங்க பாஷையில சொன்னீங்க. நான் அவங்க பாஷையில சொல்றேன்." கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "நறு, உங்க மாமனார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அவங்க வீட்டுல ஒரே ஒரு ராஜாவாமே? எங்க குழாயில ஏழாம்."

அரங்கநாயகம் தடுத்திருக்கலாம். எது சரி, எது தப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மகள் வருவாள் என்ற ஆசை முந்திக்கொண்டது.

மறுநாள் காலையில் தெய்வசிகாமணியே காரில் வந்து இறங்கினார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். அடுப்படி வரைக்கும் நேரே போய்க் குழாயைத் திறந்து பேனாவை முக்கினார். பொத்தானை அழுத்தினார். ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் வந்தார்கள். தெய்வசிகாமணி குழாய்க்குக் கை கூப்பிவிட்டார்.

"சம்பந்தி! இவ்வளவு பெரிய விஷயத்தை வீட்ல வச்சுக்கிட்டு வாயே திறக்கலையே!"

"திறந்தேனே..." என்றார் அரங்கநாயகம்.

"நறுமுகை இங்கதான் பிள்ளை பெறணும். வேற எங்கேயும் கூடாது. வர்ற வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து விடறேன்." போகும்போது தெருவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "மொத்தத் தெருவுக்கும் இதே தண்ணிதானா?"

"எல்லாருக்கும் இதேதான்" என்றாள் சிவகாமி பெருமையாக.

"அப்படியா" என்றார் தெய்வசிகாமணி.

அந்த வாரம் முழுக்க வீடு திருவிழாவாக இருந்தது. சிவகாமி பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து மடித்தாள். பரணிலிருந்து தொட்டிலை இறக்கினாள். பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்கி வந்தாள். அரங்கநாயகம் கொசுவலைக்கு ஆணி அடிக்கிறேன் என்று விரலில் அடித்துக்கொண்டார். தெருமுனையில் ஆட்கள் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்தார்கள். மறுபடியும் கசிவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. ஆரத்தி கரைக்க அது போதுமானதாக இருந்தது. கார் வந்து நின்றது. நிறை வயிற்றோடு நறுமுகை இறங்கினாள். சிவகாமி ஆரத்தி சுற்றினாள், திலகம் வைத்தாள், உள்ளே வந்து மகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். பின்னாலேயே தெய்வசிகாமணி சிரித்த முகமாக வந்தார்.

நறுமுகை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள். "அப்பா, நம்ம வீட்டுத் தண்ணி குடுங்கப்பா. எத்தனை நாளாச்சு" என்றாள்.

அரங்கநாயகம் செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். குழாயைத் திறந்தார். புஸ் என்று காற்று வந்தது. இன்னும் திருகினார். காற்றும் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் குழாயடியிலும் எதிர் வீட்டுக் குழாயடியிலும் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. வள்ளிக்கண்ணு இடுப்பில் காலிக் குடத்தோடு தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பள்ளம் தோண்டிய இடத்தில் ஒரு புதுக் குழாய் முளைத்திருந்தது. அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு உள்ளே தண்ணீர் லாரிகள் நின்றன.

"இன்னா சார், இப்டி பண்ணிட்டாங்க?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள் வள்ளிக்கண்ணு. "இத்தினி நாளா இந்தத் தண்ணி குடிக்கிறோம்னு எங்கள உள்ளயே உடல. இப்ப இந்தத் தண்ணியே எங்களுக்கு இல்லியாம்."

அரங்கநாயகம் வெறும் செம்போடு கூடத்துக்குத் திரும்பினார்.

"அட, நீங்க எதுக்கு சம்பந்தி சிரமப்படறீங்க?" என்றார் தெய்வசிகாமணி. டிரைவரைக் கூப்பிட்டுக் காரிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே பளபளவென்று பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஏழு கிரீடம் போட்ட படம். "இதெல்லாம் சும்மா தெருக்குழாயில ஓடிக்கிட்டிருந்தது. யாருக்கும் அருமை தெரியல. இப்ப மேல இருக்கிறவங்ககிட்ட பேசி, முறையா அபார்ட்மெண்ட்டுகளுக்குத் திருப்பியாச்சு. நம்ம சங்கம்தான் பொறுப்பு. மருமகளுக்குன்னு நாலு பெட்டி தனியாச் சொல்லி எடுத்து வச்சிருக்கேன். எல்லாருக்கும் கிடைச்சிடாது."

ஒரு பாட்டிலைத் திறந்து அவரே நறுமுகையிடம் நீட்டினார். தாகத்தில் அவள் பாதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுத் தண்ணி மாதிரியே இருக்குப்பா" என்றாள்.

சிவகாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் வள்ளிக்கண்ணுவும் இன்னும் நாலைந்து பெண்களும் குடத்தோடு வந்து நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெய்வசிகாமணி புன்சிரிப்போடு காத்திருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அரங்கநாயகத்துக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"ரொம்ப நன்றி சம்பந்தி" என்றார்.